அக்காவை விட்டுவிட்டு வந்த பாலம்

விருதுநகரா நீங்க? நல்லதாப் போச்சு. நான் மதுரை. இல்ல சார், ஜன்னலோரம் நீங்களே இருங்க. எனக்கு இன்னைக்கு வெளிய எதையும் பாக்குற மனசில்ல. யார்கிட்டயாவது பேசலேன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு, அவ்வளவுதான். தூங்கணும்னா சொல்லிருங்க, வாய மூடிக்கிறேன். தூங்கலையே? சரி.

நீங்க உக்காந்திருக்கிற சீட்டு எங்க அக்காவுக்குன்னு பதிவு பண்ணது சார். அட, எந்திரிக்காதீங்க! அவ வரல. அவ வரலன்னு தெரிஞ்சதும் கண்டக்டர்கிட்ட நானே சொல்லிட்டேன், யாருக்காவது குடுங்கன்னு. காலையில அஞ்சு மணிக்கு மதுரையில பஸ் ஏறி, அவளக் கையோட கூட்டிட்டுப் போகலாம்னுதான் நாகர்கோவில் வந்தேன். வந்த வழியே தனியாப் போறேன், பாருங்க.

என் பேரு சௌந்தரபாண்டி. நெடுஞ்சாலைத் துறையில டிராஃப்ட்ஸ்மேன். முப்பத்திமூணு வருஷம் படம் வரைஞ்சேன். என்ன படம்னு நெனைக்கிறீங்க? பூராவும் கல்வெர்ட்டு சார். ஓடைக்கு மேல போடுவாங்களே, குட்டிப் பாலம். ரெண்டு குழாய், மேல ஒரு சிலாப்பு, ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், முடிஞ்சது. பஸ்ல போறவனுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு வளைவு, ஒரே ஒரு நல்ல வளைவு வரைய விட்டாங்களா? விடல. பெரிய பாலத்துக்கெல்லாம் படம் சென்னையில இருந்து வந்துரும். ரிட்டயர் ஆன அன்னைக்கு மால போட்டுக் கூட்டிட்டு வந்து வீட்டுல விட்டாய்ங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே ஒலகத்துல இருக்கிற நல்ல பாலத்தையெல்லாம் நேர்ல பாத்துட்டுத்தான் கண்ண மூடுறதுன்னு.

சிரிக்காதீங்க. சில பேருக்குக் கோயிலு, சில பேருக்குக் கிரிக்கெட்டு. எனக்குப் பாலம். ஹவுரா பாத்திருக்கேன், அவ்வளவு பெரிய பாலத்துல ஒரு நட்டு போல்ட்டு கெடையாது, எல்லாம் ரிவிட்டு. பையன் அமெரிக்காவுல இருக்கான். அவன் வீட்டுக்குப் போனப்ப கோல்டன் கேட் பாலத்த மட்டும் ஏழு தடவ பாத்தேன். பேத்தி பொறந்தத பாக்க வந்தீங்களா, பாலத்த பாக்க வந்தீங்களான்னு மருமக கேட்டுச்சு. ரெண்டும்தாம்மான்னேன். சிட்னியில ஆர்ச்சு மேலயே ஏத்தி விடுறான் சார், இடுப்புல பெல்ட்டு மாட்டி. லண்டன்ல கப்பல் வர்றப்ப பாலம் ரெண்டாப் பொளந்து எந்திரிக்குது. அதப் பாத்து நான் அழுதுட்டேன், சத்தியமா. என் சம்சாரம் இந்திராணிக்கு வெக்கமாப் போச்சு.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஆல்பம் போட்டு வச்சிருக்கேன். ஒன்பது ஆல்பம். ஒண்ணுலயும் மனுஷங்க இருக்க மாட்டாங்க. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு. ஆளு வந்து நின்னா கோடு கெட்டுப் போகும் சார். பாலம்னா அது மட்டும் தனியா நிக்கணும். "தள்ளு தள்ளு, ஃபிரேமுல வராத"ம்பேன். வீட்டுல எல்லாருக்கும் அது பழகிப் போச்சு.

அக்கா கதைக்கு வர்றேன். அக்கா பேரு ராஜாமணி. என்னைவிட அஞ்சு வயசு மூத்தவ. கல்யாணமாகி ரெண்டாம் வருஷமே மச்சான் தவறிட்டாரு. புள்ளகுட்டி இல்ல. எங்க வீட்டுக்கு வந்தா. ஆச்சு, முப்பத்தெட்டு வருஷம். இத்தன வருஷத்துல ஒரு சுடுசொல்லு சொல்லிருப்பேனா? என் சம்சாரத்தக் கேளுங்க. நாங்க ஊர் ஊராப் போறப்ப வீட்டுச் சாவி அவ கையிலதான். பையன வளத்தது அவதான். என் மாமியார் படுத்த படுக்கையாக் கெடந்த ஒன்றர வருஷமும் அவதான் பாத்தா. வேற யாருகிட்டயும் விட மாட்டோம் சார், அவ்வளவு நம்பிக்கை.

போன செப்டம்பர்ல கிழக்கு ஐரோப்பா டூர் போட்டாங்க. புடாபெஸ்ட், வியன்னா, ப்ராக். நம்ம ஆளுக நடத்துற டூருதான். சமையல்காரரு கூடவே வருவாரு, ரோட்டோரமா பஸ்ஸ நிறுத்தி சாம்பார் சாதம் போடுவாங்க. புடாபெஸ்டுல ரெண்டு முனையிலயும் சிங்கம் உக்காந்திருக்கிற சங்கிலிப் பாலம். ப்ராக்ல சார்லஸ் பாலம். அது அறுநூத்தைம்பது வருஷத்துப் பாலம் சார்! ஐந்நூத்திப் பதினாறு மீட்டர் நீளம், பதினாறு வளைவு, மேல வரிசையா முப்பது சிலை. வண்டி போகாது, நடந்துதான் போகணும். சாந்துல முட்ட கலந்து கட்டுனதாச் சொல்றாங்க. என்னென்னமோ சொல்றாங்க. பாத்தாத்தான் தெரியும்.

இந்த தடவ அக்காவையும் கூட்டிட்டுப் போயிருவோம்னு நானேதான் சொன்னேன். யாரும் எங்கிட்டச் சொல்லல. பாவம், அவளும் ஒலகத்தப் பாக்கட்டுமேன்னுதான். இந்திராணிக்கும் அப்பத் தோள்பட்டை எறங்கிப் போச்சு, பையத் தூக்க முடியாது. கேமரா பையி, முக்காலி, லென்ஸு, பேட்டரி, சார்ஜரு, என் பிரஷர் மாத்திரை, தண்ணி, முறுக்கு டப்பான்னு ஒரு வீட்டுச் சாமானே வரும் என்கூட. அக்கா அசர மாட்டா. தோள்ல போட்டான்னா என் பின்னாடியே வந்துருவா. நான் கைய நீட்டுனா என்ன வேணும்னு அவளுக்குத் தெரியும், பாத்துக்கங்க.

டூருல எல்லாம் ஜோடி ஜோடியா வந்தவங்க. தனியா வந்தவங்களுக்கு இன்னொரு தனி ஆளச் சேத்து ஒரு ரூம் போட்டுருவாங்க. அப்படி அக்காவுக்கு அமைஞ்சவங்கதான் ரோஸ்லெட் டீச்சரு. நாகர்கோவில்காரங்க. கல்யாணம் பண்ணிக்கல, ரிட்டயர் ஆன கணக்கு டீச்சரு. நல்ல சத்தமாச் சிரிப்பாங்க. ராத்திரி அவங்க ரூம்லருந்து சிரிப்புச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இந்தக் கெழவிகளுக்கு அப்படி என்ன சிரிப்புன்னு இந்திராணிகூட கேப்பா. எங்க அக்காவுக்குச் சிரிக்கத் தெரியும்கிறதே அங்கதான் சார் எங்களுக்குத் தெரிஞ்சது.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். டூர் மேனேஜர் தினகர்னு ஒருத்தரு. அவருக்கு ஒரு பழக்கம். பஸ் கெளம்புறதுக்கு முன்னாடி தலைய எண்ண மாட்டாரு. மைக்கப் புடிச்சு, "எல்லாரும் உங்க உங்க ஜோடி பக்கத்துல இருக்காங்களான்னு பாத்துக்கங்க, ஆள் இல்லாதவங்க கை தூக்குங்க"ம்பாரு. யாரும் தூக்கலேன்னா வண்டி கெளம்பிரும். பொண்டாட்டியக் காணோம்னா புருஷன் சொல்லிருவான்ல? அது ஒரு சுலபமான ஏற்பாடு. ப்ராக் அன்னைக்கு என்னாச்சுன்னா, ரோஸ்லெட் டீச்சருக்கு முட்டி வீங்கிப் போச்சு. அன்னைக்கு மட்டும் அவங்க ஓட்டல்லயே இருந்துட்டாங்க. அப்ப அக்காவுக்கு ஜோடி யாரு? நீங்களே சொல்லுங்க. அத யோசிக்க வேண்டியது மேனேஜரா, நானா?

என்னைப் பாத்துக் கேட்டாரு, இல்லேங்கல. "சௌந்தரபாண்டி சார், உங்க ஃபேமிலி ஓகேயா?"ன்னாரு. நான் அப்பத்தான் கேமராவுல எடுத்த படத்தப் பாத்துக்கிட்டிருக்கேன். ஆத்துக்கு இந்தக் கரையில இருந்து பதினாறு வளைவும் மொத்தமா விழுகிற மாதிரி ஒண்ணு அமைஞ்சிருந்துச்சு. பக்கத்துல இந்திராணி உக்காந்திருக்கா. "எல்லாம் ஓகே, போலாம்"னேன். வேற என்ன சொல்லுவேன்? ஃபேமிலின்னா சம்சாரம்னுதான சார் யாரும் நெனைப்பாங்க?

பஸ்ஸு கார்லோவி வாரிங்கிற ஊருக்குப் போகுது. ரெண்டு மணி நேர ஓட்டம். அங்கயும் ஆறு ஒண்ணு ஓடுது, மேல சின்னச் சின்னதா அழகழகான பாலமெல்லாம் இருக்காம். ஒன்றர மணி நேரம் போயாச்சு. நான்தான் சார் கண்டுபிடிச்சேன்! பஸ்ஸுல நாப்பத்தியோரு பேரு இருக்கோம், ஒருத்தருக்குத் தெரியல. நான்தான். கேமராவுல பேட்டரி எறங்கிப் போச்சு. பின்னால கைய நீட்டி "அக்கா, பேட்டரி குடு"ன்னேன். குடுக்கல. திரும்பவும் "அக்கா, பேட்டரி"ன்னேன். கையில ஒண்ணும் வரல. திரும்பிப் பாக்குறேன், ரெண்டு சீட்டும் காலியாக் கெடக்கு. பாலத்துக் கூட்டத்துலயே அவள விட்டுட்டு வந்திருக்கோம்.

பஸ்ஸ நிறுத்துன்னு கத்துறேன். இந்திராணி நெஞ்சுல அடிச்சுக்கிறா. அக்காவுக்கு இங்கிலீசு ஒரு வார்த்த வராது. கையில போன் இல்ல, என் போன் ஒண்ணுக்குத்தான் அந்த ஊரு சிம்மு. பாஸ்போர்ட்டு மேனேஜர்கிட்ட. தினகர் போலீசுக்குப் போன் போட்டாரு. அவங்க கேக்குறாங்க, என்ன உடுத்தியிருந்தாங்கன்னு. சேலன்னு சொல்லியாச்சு. என்ன கலரு? இந்திராணி பச்சங்கிறா. நான் அரக்குன்னு நெனச்சேன். காலையில இருந்து கூடவே நடந்து வந்த மனுஷி, என்ன சேலைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. இன்னைக்கு எடுத்த படம் எதுலயாவது இருப்பாங்களான்னு தினகர் கேட்டாரு. போன்லயும் எடுத்திருந்தேன்ல, ஒவ்வொண்ணா தள்ளுறேன். எரநூத்திச் சொச்சம் படம். பாலம், பாலம், பாலம். தூணு. சிலை. பாலம். ஒரே ஒரு படத்துல, ஓரத்துல, ஒரு முந்தானை நுனி வந்திருக்கு. நீலக் கலரு, வெள்ளைப் பொடிப் புள்ளி. நல்லவேள, அந்த ஓரத்த வெட்டணும்னு நெனச்சு வெட்டாம வச்சிருந்தேன். அத வச்சுத்தான் நீலச் சேலைன்னு போலீசுக்குச் சொன்னோம். என் போட்டோ மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இந்திராணிய மத்தவங்களோட அனுப்பிட்டு, நானும் தினகரும் ஒரு டாக்ஸியப் புடிச்சுத் திரும்புனோம். அந்த ஒன்றர மணி நேரம் இருக்கே, அத எதிரிக்கும் குடுக்கக் கூடாது சார். ஆத்துல விழுந்திருப்பாளா, எவனாவது கூட்டிட்டுப் போயிருப்பானா, அழுதுக்கிட்டே தெருத்தெருவா அலைவாளா. மீனாட்சித் தாயே, அவளக் கண்ணுல காட்டு, காட்டுன்னு அது ஒண்ணுதான் வாயில வந்துச்சு. நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. அந்த ஊருப் பாலங்களப் பாக்காம வந்தது எனக்கு ஞாபகமே வரல. மறுநாள்தான் ஞாபகம் வந்துச்சு.

ப்ராக்ல பாலத்துக்கிட்ட எறங்கி ஓடுறேன். ஜனமான ஜனம். நடுப்பாலத்துல, சிலைக்குக் கீழ, ஒரு மடக்கு ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்கா எங்க அக்கா! பக்கத்துல ஒரு வெள்ளக்காரம்மா, பென்சில்ல படம் வரைஞ்சு விக்கிறவங்க. ஸ்டூலு அவங்களோடதுதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முறுக்கக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அங்க நான் செத்துப் பொழச்சு வர்றேன், இங்க முறுக்கு. ஓடிப் போயி மூச்சு வாங்கிக்கிட்டு, "அக்கா, பையி பத்திரமா இருக்கா?"ன்னேன். பதட்டத்துல அதுதான் சார் வாயில வந்துச்சு. வேணும்னா கேட்டேன்? கால்மாட்டுல இருந்த பைய எடுத்து எங்கிட்டக் குடுத்தா.

திரும்பி வர்றப்ப டாக்ஸியில ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நான் இல்லேங்கிறத எப்படிடா தம்பி கண்டுபிடிச்ச?" உள்ளதச் சொன்னேன். "பேட்டரி கேட்டேன்க்கா, குரல் வரல, அப்பத்தான் பாத்தேன்." அவ மனசு லேசாகட்டுமேன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். "ம்"ன்னா. அவ்வளவுதான். என்ன சார், நீங்களும் "ம்"ங்கிறீங்க? பொய்யா சொல்லச் சொல்றீங்க?

ஊருக்கு வந்தோம். சமைச்சா, துவைச்சா, எல்லாம் எப்பயும் போலத்தான். ஆனா பேச்சு இல்ல. கேட்டதுக்குப் பதில், அதோட சரி. இந்திராணி சொன்னா, விட்டுட்டு வந்த கோவம் இன்னும் ஆறல, போகப் போகச் சரியாகும்னு. பொங்கல் முடிஞ்ச மறுநாள் ஒரு பையோட வந்து நின்னா. "டீச்சருக்கு முட்டி ஆபரேசனாம், பத்து நாளு போயிட்டு வர்றேன்"னா. பத்து நாளு ஒரு மாசமாச்சு. ரெண்டு மாசம் தாண்டிருச்சு. போன் போட்டா, "நீங்க சாப்பிட்டீங்களா, இந்திராணிக்குத் தோள்வலி எப்படி இருக்கு"ன்னு கேப்பா. எப்ப வர்றேன்னு கேட்டா, டீச்சரு கூப்பிடுறாங்கன்னு வச்சிருவா.

வீடு வீடா இல்ல சார். எந்தப் பொருளு எங்க இருக்குன்னு ஒண்ணும் தெரியல. காலையில ஆறு மணிக்கு அடுப்படியில சத்தம் கேக்கும், அந்தச் சத்தத்துலதான் நான் முழிப்பேன். இப்ப ஒம்பது மணி வரைக்கும் படுத்துக் கெடக்கேன். சாயங்காலம் தன்னால "அக்கா"ன்னு வாயில வந்துருது. கூப்பிட்ட பெறகுதான் உறைக்குது. அவ இல்லாம எனக்கு முடியல, அதான் நெசம். சரி, அவளுக்கு ஒரு சந்தோசத்தக் குடுத்துக் கூட்டிட்டு வருவோம்னு மே மாசம் ஜப்பான் டூருக்கு அவ பேரையும் சேத்துப் பதிவு பண்ணேன். அங்க கடலுக்கு மேல ஒரு தொங்கு பாலம் இருக்கு சார், அத ஒரு தடவ பாத்துட்டா... அது கெடக்கட்டும்.

இன்னைக்குக் காலையில சொல்லாம கொள்ளாம டீச்சரு வீட்டு வாசல்ல போயி நின்னேன். கதவு தொறந்து கெடக்கு. அக்கா சாய்வு நாற்காலியில கால நீட்டிப் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கா. டீச்சரு முட்டியத் தாங்கித் தாங்கி நடந்து வந்து அவ கையில காப்பியக் குடுக்குறாங்க. அவளும் வாங்கிக் குடிக்கிறா! எங்க அக்கா கையில இன்னொருத்தரு காப்பி குடுத்து நான் பாத்ததில்ல சார். "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?"ன்னுதான் மொதல்ல கேட்டேன். டீச்சரு அதுக்கு ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க பாருங்க, எனக்குப் புடிக்கவே இல்ல.

அக்கா எந்திரிச்சு வந்து கையப் புடிச்சு உக்கார வச்சா. இட்லி வச்சா. எனக்குப் புடிச்ச வெங்காயச் சட்னி. நல்லாத்தான் பேசுனா. எளைச்சுட்டியேடான்னா. சாப்பிட்டு முடிச்சதும், டீச்சரு இருக்காங்களேன்னுகூடப் பாக்கல, கைய எடுத்துக் கும்பிட்டுட்டேன். "அக்கா, உன்ன அங்க விட்டுட்டுப் போனது தப்புதான். நாலு மணி நேரம் நீ எப்படித் தவிச்சிருப்ப. மன்னிச்சுரு. வா, வீட்டுக்குப் போலாம். ரெண்டு சீட்டு போட்டுருக்கேன். உனக்கு ஜன்னலோரம். ஜப்பானுக்கும் உன் பேரச் சேத்துட்டேன்"னேன். அறுபத்தோரு வயசுல யாருகிட்ட சார் நான் கைகூப்பியிருக்கேன்?

அவ நான் கூப்புன கையப் புடிச்சு எறக்கி விட்டா. கோவமே இல்ல மொகத்துல. கோவம் இருந்திருந்தாத் தேவலாம்னு இப்பத் தோணுது.

"விட்டுட்டுப் போனதுக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லடா பாண்டி"ன்னா. "மொத அர மணி நேரம் பயமாத்தான் இருந்துச்சு. அங்கயும் இங்கயும் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறம் பையக் கீழ எறக்கி வச்சேன். தோளு லேசாச்சு. அந்தம்மா உக்காரச் சொன்னாங்க. உக்காந்து பாத்தேன். அம்புட்டு நேரமும் பாலத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். தண்ணி கீழ போகுது, மேல மேகம் போகுது, சனம் பாட்டுக்குப் போகுது. யாரும் என்னைத் தள்ளி நில்லுன்னு சொல்லல. நீ சொன்ன மாதிரிதான்டா, அழகான பாலம். அறுபத்தாறு வயசுல, இது எனக்குன்னு உக்காந்து ஒண்ணப் பாத்தது அன்னைக்குத்தான். நேரம் போனதே தெரியல. தூரத்துல நீ ஓடி வர்றதப் பாத்தேன். பாத்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கூடப் பொறந்தவ சொல்லக் கூடாத பேச்சுத்தான், ஆனா உங்கிட்டப் பொய் சொல்ல முடியல. ஐயோ, அதுக்குள்ள வந்துட்டானேன்னு இருந்துச்சு."

நான் எந்திரிச்சுட்டேன். டீச்சரு மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அக்கா தெருமுனை வரைக்கும் வந்து ஆட்டோ ஏத்திவிட்டா. அந்நேரத்துல இருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டுல குத்த வச்சு உக்காந்திருந்துட்டு, இந்த வண்டியில ஏறியிருக்கேன். வீட்டுல போயி இந்திராணிகிட்ட என்ன சொல்லுவேன்னு தெரியல.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார், எறங்கிருவீங்க. பாலத்துல நான் ஓடுறப்ப, கூட்டத்துக்கு நடுவுல மொதல்ல தெரிஞ்சது அவ மொகந்தான். சிரிச்சுக்கிட்டு இருந்தா. வாய்விட்டு, பல்லெல்லாம் தெரிய. நான் கிட்ட வர வர அந்தச் சிரிப்பு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பக்கத்துல போயி நின்னப்ப சுத்தமா இல்ல. இத்தன நாளா, என்னைக் கண்டதும் அவளுக்கு அழுக வந்திருச்சுன்னுதான் சார் நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.